எப்சம் வீட்டுச் சாவியும் உறையாத குழாயும்

ஓக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் உள்ள வின்சென்றின் வீட்டுக்குள் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் ஒரு பலகை கண்ணில் படும். மற்றக் கத்தோலிக்க வீடுகளில் அந்த இடத்தில் திருஇருதய ஆண்டவர் இருப்பார். இங்கே ஆண்டவர் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, தொலைக்காட்சிக்கு மேலே குடியேறியிருந்தார். வாசலோரம் சாவிகளுக்கு விடப்பட்டிருந்தது. பலகையில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு சாவி. சாவிக்கு ஒரு தமிழ்க் குடும்பம்.

ஊருக்கோ, அவுஸ்திரேலியாவுக்கோ, பிள்ளையின் பட்டமளிப்புக்கோ யார் புறப்பட்டாலும், சாவியை வின்சென்றிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். வின்சென்ற் போய்க் கடிதம் பொறுக்குவார். செடிக்குத் தண்ணீர் விடுவார். குப்பைத் தொட்டியைத் தெருவில் வைத்து எடுப்பார். ஆள் இருக்கிற மாதிரி ஓர் அறையில் விளக்கைப் போட்டு இன்னோர் அறையில் அணைப்பார். இந்தப் பதவிக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை; ஆகவே யாராலும் நீக்கவும் முடியாது என்றுதான் அவர் நம்பியிருந்தார்.

பென்ரோஸில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அங்கே அவர் பெயர் வின்னி. தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் கதிரை அடுக்குவார். அங்கே அவருக்குப் பெயரே கிடையாது. "அங்கால ரெண்டு வரிசை காணாது" என்று காற்றைப் பார்த்துச் சொல்வார்கள், கதிரை வந்துவிடும். சாவி விஷயத்தில் மாத்திரம் நிலைமை வேறு. "வின்சென்ற் அண்ணையிட்டக் குடுத்தாச்சு" என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர் "அப்ப பிரச்சினையில்லை" என்பார். அந்த "அப்ப பிரச்சினையில்லை"க்காகவே மனிதர் உயிர் வாழ்ந்தார் என்றால் மிகை. நிமிர்ந்து நடந்தார் என்றால் சரி.

பலகையின் உச்சி ஆணி எப்சம் சாவிக்கு. எப்சம் பகுதியில் இருந்தது இராசநாயகம், உஷா தம்பதியின் பழைய மரவீடு. மகன் சுலக்ஷனை நல்ல பள்ளிக்கூடத்தின் சேர்க்கை எல்லைக்குள் கொண்டுவருவதற்காக வாங்கியது. சுலக்ஷன் படித்து முடித்து மெல்போர்னுக்குப் போய்விட்டான். எல்லை வீட்டோடு நின்றுவிட்டது. இராசநாயகம் கணக்காளர், சங்கத்தின் முன்னாள் தலைவர், இந்நாள் போஷகர். அந்த ஜூலையில் நல்லூர்த் திருவிழாவுக்காக யாழ்ப்பாணம் புறப்பட்டபோது, சாவியை வழக்கம்போலத் தானே கொண்டுவந்து கொடுத்தார்.

"வீட்டை நீர் பாப்பீர் எண்டு தெரியும், வின்சென்ற். உமக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"கறிவேப்பிலையை மட்டும் பாருங்கோ அண்ணை," என்றார் உஷா. "வீட்டுக்கு ஒண்டு நடந்தாலும் பரவாயில்லை. அதுக்கு ஒண்டும் வரக்கூடாது."

ஓக்லாந்துக் குளிர்காலத்தில் மற்றவர்களுடைய கறிவேப்பிலை மொட்டையடித்துக்கொண்டு நிற்கும். உஷாவினுடையது கண்ணாடி அறைக்குள் ஹீற்றர் வெப்பத்தில் வருடம் முழுக்கத் தளிர்த்தது. யாருக்கு ஒரு கொத்து, யாருக்கு நாலு இலை என்பதை வைத்தே அந்த வீட்டில் தன் நிலை என்ன என்று விருந்தாளி அறிந்துகொள்ளலாம். வின்சென்றுக்கு எப்போதும் முழுக் கொத்து.

இங்கே, நம்மவர்களிடையே உள்ள படிநிலைகளில் இதுவரை எந்தப் பேராசிரியரும் கைவைக்காத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது குளிர்ப் படிநிலை. கனடா, நோர்வேக்காரர் உச்சியில். முழங்கால் பனியில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்தவர்கள். அடுத்தது சுவிஸ், ஜெர்மனி. லண்டன் நடுவில். ஓக்லாந்தில் இருப்பவர் அடிப்படி. இங்கே மழை பெய்யும், வீட்டுக்குள் ஈரம் ஊறும், யன்னல் சீலையில் பூஞ்சணம் பிடிக்கும். பனி மட்டும் பெய்யாது. கலியாண வீட்டில் குளிரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வின்சென்றின் மனைவி மேர்சிக்கு ஓர் அக்கா. பெயர் இவோன், இருப்பது ரொறன்ரோ. ஒரு குளிர்காலத்தில் அவருடைய வீட்டு நிலக்கீழ் அறையில் குழாய் உறைந்து வெடித்தது. அந்த நிகழ்ச்சியை அவர் பாஸ்கா வாசிப்புப்போல ஆண்டுதோறும் தவறாமல் சொல்லிவந்தார். ஓகஸ்ட் தொடக்கத்தில், தென்துருவத்திலிருந்து நியூசிலாந்துக்குக் குளிர் அலை வருகிறது என்று யாரோ முகநூலில் போட்டதைப் பார்த்துவிட்டு, அவர் வீடியோவில் அழைத்தார்.

"மேர்சி, பைப்பெல்லாம் சுத்தியாச்சோ?"

"என்ன பைப், அக்கா?"

"என்ன பைப்போ? தண்ணி உறைஞ்சால் பெருக்கும், பெருத்தால் பைப் வெடிக்கும். எங்கட பேஸ்மென்ற்றில..."

சோபாவில் கிடந்த மகள் அஞ்சலினா போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பெரியம்மா, திஸ் இஸ் ஓக்லாந்து. நத்திங் ஃப்ரீஸஸ்," என்றாள்.

"பொறு பிள்ளை. நாங்களும் அப்பிடித்தான் நினைச்சது."

"இன் கனடா?"

இவோன் அதைக் காதில் வாங்கவில்லை. "வின்சென்ற் எங்க? வின்சென்ற், உங்கட வீடு எப்பிடியும் போகட்டும். ஆக்கள் நம்பித் தந்த வீடுகள் கிடக்கு. ஆள் இல்லாத வீட்டிலதான் முதல் வெடிக்கும். வெடிச்சால் ஆரைக் கேப்பினம்?"

வின்சென்ற் பலகையைப் பார்த்தார். சாவிகள் அவரைப் பார்த்தன.

"என்ன செய்யவேணும் மச்சாள்?" என்று கேட்டார்.

மச்சாள் சொன்னார். குழாயைத் துணியால் சுற்ற வேண்டும். சிங்குக்குக் கீழே உள்ள அலுமாரிக் கதவைத் திறந்துவிட வேண்டும், வீட்டுச் சூடு உள்ளே போவதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, குசினி டப்பை, அதாவது சமையலறைக் குழாயை, நூல் கனத்துக்குத் திறந்துவிட வேண்டும். ஓடுகிற தண்ணீர் உறையாது.

சனிக்கிழமை காலையில், பழைய போர்வை இரண்டு, மேர்சியின் கிழிந்த சால்வை, அஞ்சலினாவின் பள்ளிக்கூடக் காலுறைகள், ஒரு கட்டு நைலோன் கயிறு ஆகியவற்றுடன் வின்சென்ற் எப்சம் போனார். அந்தப் பகுதியின் பழைய வீடுகள் கட்டைகளின் மேல் நிற்பவை. அடியில் ஆள் தவழலாம். தவழ்ந்தார். குழாய் ஒவ்வொன்றுக்கும் காலுறை மாட்டிப் போர்வை சுற்றிக் கட்டினார். வெளியே இழுபட்டு வந்தபோது, பக்கத்து வீட்டு பார்பரா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கை தெரியும் ரீ-சேட் அணிந்திருந்தார்.

எல்லாம் சுகம்தானே என்று பார்பரா ஆங்கிலத்தில் கேட்டார். குழாய் உறையாமல் இருப்பதற்கான ஏற்பாடு என்று வின்சென்ற் விளக்கினார்.

"எப்சமிலா?"

"ஆள் இல்லாத வீட்டில்தான் முதலில் உறையும்," என்றார் வின்சென்ற், ரொறன்ரோவின் முழு அதிகாரத்தோடு.

பார்பரா வானத்தைப் பார்த்தார். நல்ல வெயில். "நானும் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன்," என்றார். நியூசிலாந்துக்காரர் ஒருவர் இன்னொருவரை மடையன் என்று சொல்வதற்கு இதைவிடக் கடுமையான முறை கிடையாது. வின்சென்ற் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அடுத்தது குசினிக் குழாய். இங்கேதான் விவகாரம்.

வின்சென்ற் மன்னார் தீவுக்காரர். குடிதண்ணீர் பவுசர் லொறியில் வர, வாளி வாளியாக வரிசையில் நின்று பிடித்த பிறவி. ஓக்லாந்தில் வாரக்கணக்கில் மழை கொட்டினாலும் அவருடைய வீட்டில் பல் துலக்கும்போது குழாய் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். மீறிய அஞ்சலினாவுக்கு அவர் செய்த பிரசங்கங்களைத் தொகுத்தால் தவக்காலம் முழுவதற்கும் காணும். அப்படிப்பட்டவரிடம் போய், நல்ல தண்ணீரை நூல் கனத்துக்கு இரவு பகலாகச் சும்மா ஓடவிடு என்று சொன்னால்? திறந்தார். ஓடியது. நூலைக் குறைத்துச் சொட்டாக்கினார். சொட்டுவதும் வீண்தானே? அப்போதுதான் கண்ணாடி அறையில் கறிவேப்பிலை தெரிந்தது.

ரொறன்ரோவும் மன்னாரும் ஒரே தலைக்குள் சமாதானமான கணம் அது. சிங்குக்கு அடைப்பானைப் போட்டார். சொட்டுகிற தண்ணீர் சேரும். நாளைக்கு மாலையில் வந்து அள்ளிக் கறிவேப்பிலைக்கு விடலாம். குழாயும் உறையாது, தண்ணீரும் வீணாகாது, செடியும் வாடாது. இராசநாயகம் ஆசையாகப் போட்ட, தொட்டி போல ஆழமான வெள்ளைப் பீங்கான் சிங்க் அது. பழங்கால அழகு கெடக்கூடாது என்று, மேலே தண்ணீர் வழிந்து போகிற ஓட்டைகூட அதில் வைக்கவில்லை. வின்சென்ற் அதைக் கவனிக்கவில்லை. அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு, திருப்தியோடு வீட்டைப் பூட்டினார்.

மறுநாள் மாலை அவர் போகவில்லை. சோம்பல் அல்ல, சோம்பலாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கடமை உணர்ச்சிதான் காரணம். பலகையில் மற்றச் சாவிகளும் இருந்தனவே. ஞாயிறு பூசை முடிந்ததும் தொடங்கி, அடுத்தடுத்த நாட்கள் வேலை விட்டு வந்ததும், வீடு வீடாகத் தவழ்ந்தார். மேர்சியின் போர்வை தீர்ந்ததும் தன் சாரங்களை எடுத்தார். "என்னப்பா, ஊருக்கெல்லாம் உடுப்புப் போடுறியள், நாளைக்கு எதைக் கட்டப்போறியள்?" என்று மேர்சி கத்தினாள். சொட்டுத்தானே, சிங்க் பெரிசுதானே என்று எப்சமைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு காலை காரின் முன்கண்ணாடியில் மெல்லிய வெள்ளை படர்ந்திருந்தது. அதைப் படமெடுத்து இவோனுக்கு அனுப்பினார். "நான் சொன்னனான்" என்று பதில் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளிர்ப் படிநிலையில் ஒரு படி ஏறியதாக உணர்ந்தார்.

மற்ற வீடுகளெல்லாம் முடித்துப் புதன்கிழமை மாலை எப்சமுக்குப் போனபோது பார்பரா வாசலில் நின்றார்.

"உங்களுடைய உறைபனி வந்துவிட்டதுபோலத் தெரிகிறது," என்றார். வீட்டுக்கடியில் கட்டியிருந்த போர்வைகள் தண்ணீரில் ஊறித் தொங்கிக்கொண்டிருந்தன.

கதவைத் திறந்தார். காலடியில் தண்ணீர் சளப்பென்றது. குசினிக் குழாயின் பழைய வாஷர் தேய்ந்திருக்க வேண்டும். அவர் விட்டுப்போன சொட்டு, தானாகவே நூலாகியிருந்தது. சிங்க் விளிம்புவரை நிறைந்து, அமைதியாக, ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது. திறந்துவிட்ட அலுமாரிக்குள் புகுந்து, மாவையும் பருப்பையும் கூழாக்கி, றிமு என்ற உள்ளூர் மரத் தளத்தில் நடைவழி நீளத்துக்கும் பரவியிருந்தது. பலகைகள் விளிம்பு தூக்கி, அப்பளம்போல வளைந்து நின்றன. இராசநாயகம் செருப்போடு யாரையும் மிதிக்க விடாத தளம் அது.

குழாயை மூடினார். அடைப்பானைப் பிடுங்கினார். தண்ணீர் நன்றாகச் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனது. கண்ணாடி அறையில் கறிவேப்பிலை மட்டும் ஓர் இலைகூட வாடாமல் நின்றது.

மேர்சிக்கு ஒரு வரி அனுப்பினார்: "எப்சம் வீட்டுக்குள்ள தண்ணி." பிறகு முழந்தாளிட்டுத் துவாயால் ஒற்றத் தொடங்கினார். பிழிந்தார், ஒற்றினார், பிழிந்தார். தளம் கறுத்துக்கொண்டே வந்தது. இதற்குள் அந்த ஒரு வரி மேர்சியிடமிருந்து இவோனுக்குப் போய், இவோனிடமிருந்து உலகத் தமிழினத்துக்குப் போயிருந்தது. வட்ஸ்அப் குழுமத்தில் அவர் எழுதியிருந்தார்: "ஓக்லாந்தில் குளிர். உஷா வீட்டு பைப் உறைஞ்சு வெடிச்சிட்டுது. எங்கட வின்சென்ற் பைப்பைச் சுத்தி வச்சபடியால்தான் வீடு தப்பினது. நான் முதலே சொன்னனான்."

கீழே கும்பிடுகிற கைகள். மாலைகள். "அண்ணை, நீங்கள் இல்லாட்டி!" "கடவுள்தான் உங்களை அனுப்பினது." சங்கத்தில் கதிரை காணாது என்று காற்றிடம் சொல்கிறவர்கூட முழுப்பெயர் போட்டு வாழ்த்தியிருந்தார்.

வின்சென்ற் ஈரத் தளத்தில் இருந்தபடியே அதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு மேர்சியை அழைத்தார்.

"ஆர் உனக்குச் சொன்னது பைப் வெடிச்சதெண்டு?"

"நான் எங்க சொன்னன்? தண்ணி எண்டுதான் சொன்னனான். அக்கா மிச்சத்தைப் போட்டுட்டா. வெடிக்கேல்லையே?"

"இல்லை."

"அப்ப?"

அவர் சொன்னார். மேர்சி தணிந்த குரலில், "இப்ப என்னப்பா செய்யிறது? விடுங்கோவன். அவை சொன்னதாய் இருக்கட்டும். நீங்கள் ஒண்டும் பொய் சொல்லேல்லையே," என்றாள்.

உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்காகப் பொய் தானே எழும்பி நடந்துகொண்டிருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பலகை நிலைக்கும், உச்சி ஆணி நிலைக்கும், "அப்ப பிரச்சினையில்லை" முன்னிலும் பலமாக நிலைக்கும். வாய் திறந்தால், நம்பிக் கொடுத்த வீட்டுக்குள் சிங்கை அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போன மனிதர். அப்படிப்பட்டவருக்கு எவர் சாவி கொடுப்பார்? வின்சென்ற் அன்றிரவு முழுவதும் இதையே யோசித்தார். மறுநாள் வேலையில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஒரு தூணை இடித்தார்.

இராசநாயகம் அன்று மாலை யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தார். பின்னால் கோயில் ஒலிபெருக்கி. அதற்கும் பின்னால் உறவினர் கூட்டம்.

"வின்சென்ற்! எல்லாம் கேள்விப்பட்டனான். நீர் இல்லாட்டி வீடே போயிருக்கும்!"

"அண்ணை..."

"பொறும், ஸ்பீக்கரில போட்டிருக்கிறன். இஞ்ச எல்லாரும் உம்மைத்தான் கதைக்கினம்."

"நியூசிலாந்தில அவ்வளவு குளிரோ?" என்று ஒரு முதியவரின் குரல் கேட்டது.

"சும்மாவோ சித்தப்பா! பைப்பே வெடிச்சிருக்கு!" என்றார் இராசநாயகம். அந்தக் குரலில் கவலையைக் காணவில்லை. அத்தனை வருடம் கலியாண வீடுகளில் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கடைசியில் தலைநிமிர்ந்த பெருமிதம் இருந்தது. "கனடாதான் குளிரெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்."

வின்சென்ற் கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணை, பைப் வெடிக்கேல்லை."

"என்ன?"

"பைப் உறையவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. நான்தான் டப்பைச் சொட்ட விட்டுட்டு சிங்குக்குப் பிளக்கைப் போட்டனான். தண்ணி வீணாப் போகாமல் கறிவேப்பிலைக்கு விடலாமெண்டு. பிறகு வந்து பாக்கேல்லை. மரமெல்லாம் வளைஞ்சு போச்சு. பிழை என்ரை."

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஒரு சுற்று முழுவதும் கேட்டது. பிறகு சட்டென்று குறைந்தது. இராசநாயகம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எங்கோ தள்ளிப் போயிருந்தார்.

"ஆரிட்டையும் சொன்னனீரோ?"

"மேர்சிக்கு மட்டும்."

"சொல்ல வேண்டாம். இன்சூரன்ஸ்காரனுக்கு நடந்ததைத்தான் எழுதுவன். ஊருக்கு உறைஞ்சதெண்டே இருக்கட்டும். நான் இஞ்ச எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"ஓம் அண்ணை."

தூரத்தில் உஷாவின் குரல்: "கறிவேப்பிலை என்னவாம்?"

"நல்லா நிக்குது எண்டு சொல்லுங்கோ," என்றார் வின்சென்ற்.

இராசநாயகம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். குரல் மிக மரியாதையாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "வின்சென்ற், நீர் களைச்சுப்போனீர். உமக்கும் வயசு போகுது. சாவியைச் சிவானியிட்டக் குடுத்துவிடும், என்ன? அவள் கிட்டத்தானே இருக்கிறாள்."

சிவானி உஷாவின் பெறாமகள், சகோதரியின் பிள்ளை. அன்றைக்கே வந்தாள். வாசலில் நின்றபடி, "தேங்க்ஸ் அங்கிள், யூ சேவ்ட் தி ஹவுஸ்," என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். எப்சமிலிருந்து திரும்பும் வழியில், உஷா தரச் சொன்னதாக ஒரு சிறிய பொதியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தால் கறிவேப்பிலை. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. கொத்தாக இல்லை, இலையாக இருந்தது.

அந்த வாரமே பூங்கோதை வந்தாள். சங்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரி. இதுவரை அவளுடைய சாவி இந்தப் பலகைக்கு வந்ததில்லை.

"அண்ணே, நாங்க மதுரைக்குப் போறோம். எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசுறாங்க. வீட்டைப் பாத்துக்கங்கண்ணே. அப்படியே அந்த பைப்பையும் கொஞ்சம் சுத்தி விட்டுடுங்க."

"தங்கச்சி, உறையாது. இஞ்ச பைப் உறையாது."

"ஆமா, நீங்க சுத்தி விட்டா எப்படிண்ணே உறையும்?" என்று சிரித்தாள்.

வின்சென்ற் மேர்சியைப் பார்த்தார். மேர்சி தரையைப் பார்த்தாள். போஷகர் இராசநாயகத்துக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். நம்பி நீட்டிய சாவி ஒரு பக்கம்.

"உங்கட சிங்குக்குப் பிளக் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்குண்ணே. ஏன்?"

"அதையும் சாவியோட தாங்கோ."

பூங்கோதை, பெரிய மருத்துவர் சொன்ன பத்தியத்தைக் கேட்டவள்போலத் தலையாட்டிவிட்டுப் போய், அடைப்பானோடு திரும்பி வந்தாள். செய்தி பரவியது. இப்போதெல்லாம் சாவி கொடுக்க வருகிறவர்கள் கேட்காமலே அடைப்பானையும் கொண்டுவருகிறார்கள். பலகையில் ஆணிக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு கறுப்பு ரப்பர் அடைப்பான். குழாய் உறைவதற்கும் அடைப்பானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர் எவரும் இல்லை. ரொறன்ரோவில் இவோன் தன் உபதேசத்தில் அதையும் சேர்த்துக்கொண்டுவிட்டதாகக் கேள்வி.

இத்தனை சாவி சேர்ந்தும் உச்சி ஆணியில் வின்சென்ற் எதையும் மாட்டவில்லை. மேர்சி ஒருமுறை இடம் காணாமல் பூங்கோதையின் சாவியை அதில் மாட்டினாள். அவர் அதை எடுத்துக் கீழே இன்னொன்றோடு சேர்த்து மாட்டினார்.

"சும்மா கிடக்கிற ஆணி கண்ணைக் குத்துது," என்றாள் மேர்சி. "திருஇருதயப் படத்தையாவது பழையபடி வாசலில கொண்டுவந்து மாட்டுவமோ?"

வின்சென்ற் தொலைக்காட்சிக்கு மேலே இருந்த ஆண்டவரைப் பார்த்தார். பார்வையை உடனே எடுத்துக்கொண்டார்.

"வேண்டாம்," என்றார். "அவருக்கு நடந்தது தெரியும்."